ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ்: டொலர் கடன், சரிந்த ரூபாய், வராத முதலீட்டாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரலில் கொழும்பு–சென்னை டிக்கெட் ஒன்றுக்கு விலை கேட்பதற்காக வெள்ளவத்தையில் ஒரு பயண முகவர் கடைக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை எழுதினார். எழுதியவர், அதன் கீழே நேரத்தையும் எழுதினார்: பின்னேரம் 3.40. "அண்ணா, இது இப்ப உள்ள விலை. நாளைக்கு வந்து இதைக் காட்டிக் கேட்டால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். டிக்கெட் விலைக்குக் கீழே மணி எழுதப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த நாட்களில் இருந்து உறவினர்களும் நண்பர்களும் எங்கள் தேசிய விமான சேவையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று: இலங்கையில் மில்லியன், பில்லியன் என்றுதான் பேசுவோம். 1 மில்லியன் என்பது 10 லட்சம், 1 பில்லியன் என்பது 100 கோடி.

இது யாருடைய விமான சேவை? எப்போது தொடங்கியது?

இலங்கை அரசாங்கத்துடையது. எயார் சிலோன் 1978இல் மூடப்பட்ட பிறகு, எயார் லங்கா என்ற பெயரில் 1979 செப்டெம்பர் 1ஆம் திகதி பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் கைகொடுத்தது. குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்கள்தான் ஆரம்பம். 1998இல் டுபாயின் எமிரேட்ஸ் பங்கு வாங்கிய பிறகு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று பெயர் மாறியது. இப்போது அதன் விமானங்கள் எல்லாமே எயார்பஸ்.

ஆரம்பத்தில் இருந்தே நட்டம்தானா?

இல்லை. எமிரேட்ஸ் வெறும் பணத்துடன் வரவில்லை, 10 ஆண்டு முகாமைத்துவ (நிர்வாக) ஒப்பந்தத்துடன் வந்தது. அதன் பங்கு பின்னர் 43 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் காலம் ஒன்றும் சுகமான காலம் அல்ல. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில், நிறுவனத்தின் விமானங்களில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் அழிந்தும் சேதமடைந்தும் போயின. அதிலிருந்து எழுந்து பிந்திய சில ஆண்டுகளில் இலாபமும் காட்டினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், பாதி விமானங்களை இழந்த ஒரு நிறுவனத்தால் அது முடிந்தது. "அரசாங்கக் கம்பனி, அது அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது கையை விரிக்கும்போது நான் இதைத்தான் நினைவுபடுத்துவேன்.

பிறகு எமிரேட்ஸ் ஏன் போனது?

2007 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவத்தை எல்லோரும் சொல்வார்கள். அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினர் லண்டனில் இருந்து திரும்புவதற்கு ஆசனங்கள் கேட்கப்பட்டன. விமானம் நிரம்பியிருந்தது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்திருந்த பயணிகளை விலக்கிவிட்டு இடம் கொடுக்க நிறுவனம் மறுத்தது. அதன் பிறகு தலைமை நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில்லின் வேலை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது.

2008 மார்ச்சில் முகாமைத்துவ ஒப்பந்தம் முடிந்தது, அது புதுப்பிக்கப்படவில்லை. 2010இல் எமிரேட்ஸ் தன் பங்குகளை ஏறத்தாழ 53 மில்லியன் டொலருக்கு அரசாங்கத்திடமே திருப்பி விற்றது. அப்போது ஒரு டொலர் 110 ரூபாய் அளவில் இருந்தது. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். 2008க்குப் பிறகு வந்த கணக்கறிக்கைகளில் பெரும்பாலும் நட்டம்தான்.

ரூபாய் விழுந்தால் விமான சேவைக்கு ஏன் இவ்வளவு பெரிய அடி? வெளிநாட்டுப் பணத்திலும் டிக்கெட் விற்கிறார்கள்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

செலவுப் பக்கத்தை முதலில் பாருங்கள். எரிபொருள் டொலரில். விமானக் குத்தகை டொலரில், அதுவும் பறந்தாலும் நின்றாலும் மாதாமாதம் கட்ட வேண்டும். எஞ்சின் பராமரிப்பு, உதிரிப்பாகம், காப்புறுதி, வெளிநாட்டு விமான நிலையங்களில் இறங்கும் கட்டணம், பயணச்சீட்டுப் பதிவுக் கணினிக்கான கட்டணம், எல்லாம் வெளிநாட்டு நாணயம். ரூபாயில் கொடுப்பதில் பெரியது உள்ளூர் ஊழியர்களின் சம்பளம். அதற்கு வெளியே சில்லறைதான்.

வரவுப் பக்கம் ஒரு கலவை. லண்டனில் பவுண், மெல்பனில் ஆஸ்திரேலிய டொலர், சென்னையில் இந்திய ரூபாய், கொழும்பில் இலங்கை ரூபாய். இந்தியாவில் மட்டும் சென்னை, திருச்சி, மதுரை உட்பட 9 நகரங்களுக்குப் பறக்கிறார்கள். திருச்சியில் ஏறி கொழும்பில் மாறி வளைகுடாவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்களை நம்பித்தான் பல தடங்கள் ஓடுகின்றன. 2022இல் இந்திய ரூபாயும் டொலருக்கு எதிராக இறங்கி 80ஐத் தாண்டியது. ஆக, அந்த வரவும் டொலர் கணக்கில் கொஞ்சம் தேய்ந்தது.

கொழும்பில் விற்ற டிக்கெட்டில்தான் உண்மையான அடி. டிக்கெட் முன்கூட்டியே விற்கிற பொருள். உதாரணத்துக்கு, 2022 பெப்ரவரியில் ஒருவர் ஏப்ரல் பயணத்துக்கு 60,900 ரூபாய் கட்டி டிக்கெட் எடுத்தார் என்று வையுங்கள். அன்று டொலர் 203. அதாவது 300 டொலர் வந்த மாதிரி. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளரவிட்டது. ஏப்ரல் நடுப்பகுதியில் டொலர் 320 ஆனது. விமானம் புறப்படும் நாளில், எரிபொருளுக்குக் கட்ட வேண்டிய நாளில், அதே 60,900 ரூபாய் 190 டொலராகத்தான் இருந்தது. விமானமும் அதுதான், ஆசனமும் அதுதான். வாசலுக்கு வருமுன்பே 110 டொலர் காணாமல் போய்விட்டது. யுக்ரேன் யுத்தத்தால் அதே வாரங்களில் எரிபொருள் விலையும் உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, புது டிக்கெட்டுக்கு விலையைக் கூட்டலாம்தானே? கூட்டினார்கள். அந்தப் பிள்ளை துண்டில் மணி எழுதியது அதனால்தான். ஆனால் விலை இரட்டிப்பானபோது சம்பளம் இரட்டிப்பாகவில்லை. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் சென்னைக்குப் போய்வந்த குடும்பங்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டன. வேறு வழியே இல்லாதவர்கள்தான் டிக்கெட் எடுத்தார்கள்.

ஒரு நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரூபாய் விழும்போது ரூபாய்ச் சம்பளம் டொலரில் மலிவாகும், வெளிநாட்டில் விற்ற டிக்கெட்டின் வரவு ரூபாயில் பெருகும். காகிதத்தில் அது இலாபம். நடைமுறையில், சம்பளத்தின் பெறுமதி பாதியான விமானிகளும் பொறியியலாளர்களும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். ஒரு விமானியை உருவாக்க எத்தனை வருடம் பிடிக்கும் என்று யோசித்தால், அந்த மலிவு எவ்வளவு விலை கூடியது என்று தெரியும்.

செய்திகளில் "பரிமாற்று நட்டம்" என்று வருகிறதே, அது என்ன? பணம் உண்மையில் வெளியே போனதா?

உடனே போகவில்லை. கடன் டொலரில் இருக்கிறது, கணக்கறிக்கை ரூபாயில் எழுதப்படுகிறது. ஆண்டு முடிவில் அந்த நாளின் விலைக்கு டொலர் கடனை ரூபாயாக மாற்றி எழுத வேண்டும். புதிதாக ஒரு சதம் கடன் வாங்காவிட்டாலும் தொகை கூடியிருக்கும். கூடிய அந்தப் பகுதிதான் பரிமாற்று நட்டம்.

உண்மையான ஒரு கடனையே எடுப்போம். 2019இல் நிறுவனம் 175 மில்லியன் டொலருக்குச் சர்வதேச பிணைமுறி (கடன் பத்திரம்) வெளியிட்டது. வட்டி 7 சதவீதம், திருப்பிக் கட்ட வேண்டியது 2024 ஜூனில், திறைசேரியின் (அரசாங்கக் கருவூலத்தின்) உத்தரவாதம். டொலர் 200ஆக இருந்தபோது இந்தக் கடன் 35 பில்லியன் ரூபாய். 2022 மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கடன் 63 பில்லியன் ரூபாய். ஆண்டு வட்டி மட்டும் 12.25 மில்லியன் டொலர். முன்பு 245 கோடி ரூபாய் தேடினால் போதும், பிறகு 441 கோடி ரூபாய் தேட வேண்டும். ஒரு பிணைமுறிக்கே இப்படி. அரச வங்கிகளின் டொலர் கடன்களும் எரிபொருள் நிலுவையும் இதற்கு மேல்.

2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் காட்டிய நட்டம் 160 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும் பங்கு இந்தப் பரிமாற்று நட்டம்தான். "காகித நட்டம்தானே" என்று சிலர் தட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடனை ஒருநாள் டொலரில்தான் அடைக்க வேண்டும். அந்த டொலரை வாங்குவதற்கு ரூபாயைத்தான் கொடுக்க வேண்டும்.

2022இல் லண்டன் போகும் விமானமெல்லாம் இந்தியாவில் இறங்கி எண்ணெய் நிரப்பியதாகச் சொன்னார்களே, உண்மையா?

உண்மை. அந்த வருட நடுப்பகுதியில் நாட்டில் எரிபொருள் வாங்கவே டொலர் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. பெற்றோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. அதே தட்டுப்பாடு கட்டுநாயக்கவையும் தொட்டது.

நீண்ட தூர விமானங்கள் சென்னை, திருவனந்தபுரம், கொச்சி போன்ற இடங்களில் தொழில்நுட்பத் தரிப்புக்காக இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. திருவனந்தபுரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அப்படி இறங்கின. மற்ற நாட்டு விமான சேவைகளும் அதில் அடங்கும். குறுகிய தடங்களில், போகும் இடத்திலேயே திரும்பி வருவதற்கான எண்ணெயையும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். கேட்க எளிது. ஆனால் பாரம் கூடினால் அந்தப் பாரத்தைச் சுமக்கவே மேலதிக எண்ணெய் எரியும். வழியில் இறங்கினால் அந்த நிலையத்துக்குக் கட்டணம், பணிக்குழுவின் வேலை நேரம், லண்டனில் தவறிப்போகும் தொடர் விமானம் என்று செலவு நீளும். பயணியின் டிக்கெட்டில் இவை எதுவும் தெரியாது.

அந்த நாட்களில் விமானங்களை ஓட்டிக்காட்டிய விமானிகள், தரைப் பணியாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. அவர்களில் பலர் வேலைக்கு வருவதற்கே தங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள்.

அப்படியென்றால் பழி முழுவதும் ரூபாயின் மேல்தானா?

இல்லை, இல்லவே இல்லை. ரூபாய் விழுந்தபோது நிறுவனம் ஏற்கெனவே நோயாளி.

2007இல் மிஹின் லங்கா என்று இன்னொரு அரச விமான சேவை தொடங்கினார்கள். ஒரு சிறிய தீவுக்கு இரண்டு அரச விமான சேவைகள். நட்டத்திலேயே ஓடி 2016இல் அது மூடப்பட்டது, தடங்களும் சுமையும் ஸ்ரீலங்கனின் தலையில் விழுந்தன.

2013இல் எயார்பஸிடம் ஆறு ஏ330, நான்கு ஏ350 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். மேலும் சில ஏ350களைக் குத்தகைக்கு எடுக்கவும் இணங்கினார்கள். நட்டத்தில் இருக்கும் நிறுவனம் உலகத்தின் மிகப் புதிய, மிக விலை கூடிய நீண்ட தூர விமானத்துக்குக் கையெழுத்து வைத்தது. 2015இல் ஆட்சி மாறியது. 2016இல் ஐரோப்பியத் தடங்களில் பாரிஸும் பிராங்பேர்ட்டும் நிறுத்தப்பட்டன, ஏ350 குத்தகைகளில் இருந்து வெளியேறினார்கள். ஒரு நாள்கூடப் பறக்காத விமானங்களுக்காக 100 மில்லியன் டொலருக்கு அருகில் நட்டஈடு போனது.

அதற்குப் பிறகு 2020 ஜனவரியில், பல நாடுகளில் நடந்த இலஞ்ச விவகாரங்களுக்காக எயார்பஸ் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அதிகாரிகளுடன் 3.6 பில்லியன் யூரோ கட்டுவதாக இணக்கத்துக்கு வந்தது. பிரித்தானிய நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விபரங்களில் ஸ்ரீலங்கனும் இருந்தது. நிறுவன அதிகாரி ஒருவரின் மனைவி சம்பந்தப்பட்ட ஒரு கம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் வரை கொடுக்க எண்ணி, 2 மில்லியன் டொலர் கொடுத்தார்கள் என்பது அதில் உள்ளது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இவற்றோடு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும், அடுத்து கொரோனாவும். 2018இல் 2.3 மில்லியன் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் இரண்டு லட்சம் பேர்கூட வரவில்லை. இதற்கு முகாமைத்துவத்தைக் குறை சொல்ல முடியாது.

மொத்தக் கடன் எவ்வளவு? யாருக்குக் கொடுக்க வேண்டும்?

நெருக்கடிக் காலத்தில் சொல்லப்பட்ட கணக்கு ஏறத்தாழ 1.2 பில்லியன் டொலர். இலங்கை வங்கி, மக்கள் வங்கி என்ற இரண்டு அரச வங்கிகள், எரிபொருள் கொடுத்த பெற்றோலியக் கூட்டுத்தாபனம், மேலே சொன்ன பிணைமுறிக்காரர்கள், குத்தகைக் கம்பனிகள் ஆகியோர் முக்கியமானவர்கள். இதில் முதல் மூன்றும் அரசாங்கத்தின் சொந்த நிறுவனங்கள் என்பதைக் கவனியுங்கள். விமான சேவை கட்டாத கடன் வங்கியின் கணக்கில் ஓட்டையாகிறது, எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கணக்கில் ஓட்டையாகிறது, கடைசியில் மூன்றையும் திறைசேரியே அடைக்க வேண்டி வருகிறது.

திறைசேரி அடைத்தால் எனக்கென்ன? நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

அதுதான் விஷயம். 2022 மே 16ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்கு ஆற்றிய உரையில் சொன்னதும் இதைத்தான். 2021 மார்ச் வரையான ஒரு வருடத்தில் 45 பில்லியன் ரூபாய் நட்டம், சேர்ந்துவந்த மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபாய், விமானத்தில் கால் வைத்தே இராத ஏழைகள் இந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்றார். அவருடைய அரசியலோடு உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். அந்தக் கணக்கு சரியானது.

பருப்புக்கும் சவர்க்காரத்துக்கும் கொடுக்கிற வரியில் இருந்துதான் அது போகிறது. மலையகத்தில் நாள் சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கிற அக்காவும் அதற்குப் பங்களிக்கிறார்.

முதலீட்டாளர்கள் வருகிறார்கள் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள். ஏன் ஒருவரும் நிலைக்கவில்லை?

வந்தவர்கள் இருக்கிறார்கள். 2017இல் அமெரிக்காவின் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம் வந்து கணக்குகளை ஆழமாகப் புரட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு விலகிவிட்டது.

2022 நெருக்கடிக்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் வந்தது, அரச நிறுவனங்களைச் சீரமைக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனத்தை ஆலோசகராக வைத்து விலைமனு கேட்டார்கள். 2024 ஏப்ரலில் ஆறு விண்ணப்பங்கள் திறக்கப்பட்டன. எயார் ஏசியாவின் ஆலோசனைப் பிரிவு, உள்ளூர் ஹேலீஸ் குழுமம், ஃபிட்ஸ் ஏவியேஷன், சென்னையைச் சேர்ந்த ஷெரிஷா டெக்னோலஜிஸ் ஆகியவை அவற்றில் இருந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்து அநுர குமார திசாநாயக்க ஆட்சிக்கு வந்தார். விற்பனை நிறுத்தப்பட்டது. நிறுவனத்தை அரசிடமே வைத்துச் சீரமைப்போம் என்றார்கள்.

ஆட்சி மாறியது ஒரு காரணம், ஆனால் அதற்கு முன்பே ஒரு முடிச்சு இருந்தது. முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி "பழைய கடனை யார் சுமப்பது?" என்பது. அந்தக் கடனோடு வாங்கினால் ஒரு விமானம் வாங்குவதற்கு முன்பே அவர் மூழ்கிவிடுவார். அரசாங்கம் கடனை எடுத்துக்கொண்டால், "நட்டத்தை மக்களுக்கு விட்டுவிட்டு நல்லதைத் தனியாருக்குக் கொடுக்கிறீர்கள்" என்று எதிர்க்கட்சி கேட்கும். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, இலாபம் தரும் பகுதிகள். கட்டுநாயக்கவில் தரைச் சேவை ஸ்ரீலங்கனின் கையில். விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் துணை நிறுவனமும் அதனுடையது. பிற நாட்டு விமானங்களுக்கும் சேவை செய்து சம்பாதிப்பதால் இவை பால் தரும் மாடுகள். முதலீட்டாளருக்கு இவைதான் வேண்டும். இவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் பறக்கும் பகுதி இன்னும் மெலியும். தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கடைசியாக ரூபாய். டொலர் கொண்டுவருபவர், ஐந்து வருடம் கழித்து எந்த விலைக்குத் தன் இலாபத்தைத் திருப்பி எடுப்பார்? 2010இல் 110ஆக இருந்தது 2022இல் 360 ஆன நாட்டில் அவர் அதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முழுவதையும் ஒரு வெளிநாட்டு விமான சேவைக்கே விற்றுவிட்டால் என்ன?

பறக்கும் உரிமை போய்விடக்கூடும். இரண்டு நாடுகளுக்கு இடையிலான விமான சேவை ஒப்பந்தங்களில் பெரும்பாலும், நிறுவனத்தின் பெரும்பான்மை உடைமையும் கட்டுப்பாடும் அந்தந்த நாட்டவரிடம் இருக்க வேண்டும் என்று இருக்கும். அதனால்தான் 49 சதவீதம் என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. எமிரேட்ஸ் காலத்தில்கூடப் பெரும்பான்மை அரசாங்கத்திடமே இருந்தது.

ஏர் இந்தியாவை விற்றார்களே, நாம் ஏன் அதைப் பின்பற்றக் கூடாது?

விற்ற விதத்தைப் பார்க்க வேண்டும். 2018இல் 76 சதவீதத்தை விற்க முயன்றபோது ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடனில் பெரும் பகுதியை அரசாங்கம் ஒரு தனிக் கம்பனிக்கு ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் 2021இல் டாடா 18,000 கோடி இந்திய ரூபாய்க்குக் கேட்டது. அதிலும் 15,300 கோடி கடனாக ஏற்றுக்கொண்டது, 2,700 கோடிதான் ரொக்கம். 2022 ஜனவரியில் நிறுவனம் கைமாறியது. பாகிஸ்தானில் 2024 ஒக்டோபரில் தேசிய விமான சேவையின் 60 சதவீதத்துக்கு 85 பில்லியன் பாகிஸ்தான் ரூபாய் எதிர்பார்த்தார்கள். வந்தது ஒரேயொரு விலைமனு, அதுவும் 10 பில்லியனுக்கு.

இந்தியாவால் அந்தக் கடனை எடுத்துக்கொள்ள முடிந்தது. 2022க்குப் பிந்திய இலங்கையின் திறைசேரியில் அப்படி ஒரு இடம் இல்லை. ஆனாலும் கடனைப் பிரித்தெடுத்து, இதுதான் பழைய பாவம், இதை இத்தனை வருடத்தில் கட்டுவோம் என்று வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதுவதே சரி என்பது என் கருத்து. 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் பழைய கடனுக்காக 20 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். தொகை பெரிதோ சிறிதோ, அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எழுதப்பட்டது. அதை நான் வரவேற்கிறேன்.

மூடிவிட்டால் சுமை போய்விடும்தானே?

கடன் போகாது. உத்தரவாதம் கொடுத்தது திறைசேரி. நிறுவனம் மூடிய மறுநாளே கடன்காரர்கள் திறைசேரியின் வாசலுக்கு வருவார்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவில். 2019 ஏப்ரலில் இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது சம்பளப் பாக்கியோடு வெளியே வந்த ஊழியர்கள் வருடக்கணக்கில் அலைந்ததைப் பார்த்தோம்.

வேறு நிறுவனங்கள் இடத்தை நிரப்பும் என்பது ஓரளவுக்குச் சரி. ஆனால் 2022இல், ரூபாயில் விற்ற டிக்கெட் பணத்தை டொலராக வெளியே எடுக்க முடியாமல் வெளிநாட்டு விமான சேவைகள் தவித்தன. அப்படியான நேரத்தில் அவை தடங்களைக் குறைக்கும், அது அவற்றின் வியாபாரம். அந்த மாதங்களில் ஸ்ரீலங்கன் கொழும்பை விட்டுப் போகவில்லை.

2024இல் இலாபம் என்று செய்தி வந்ததே, நோய் தீர்ந்துவிட்டதா?

2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் குழுமம் இலாபம் காட்டியது உண்மை. சுற்றுலாப் பயணிகள் திரும்பினார்கள். ஆனால் அந்த ஆண்டில் டொலர் 330 அளவில் இருந்து 300க்கு இறங்கியது. போன தடவை நட்டத்தைப் பெருக்கிய அதே கணக்கு, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக வேலை செய்து இலாபம் கொடுத்தது. நட்டத்தைக் காகித நட்டம் இல்லை என்று சொன்ன நான், இந்த இலாபத்தையும் பார்த்துத் துள்ளக் கூடாது. அதே காலத்தில் சில விமானங்கள் எஞ்சின் இல்லாமல் தரையில் நின்றன, நிற்கும் விமானத்துக்கும் குத்தகை போனது. 2024 ஜூனில் முதிர்ந்த பிணைமுறிக்குப் பணம் திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஏன் பறப்பதில்லை?

பலாலி ஓடுபாதையில் சர்வதேச சேவை நடத்துவது சிறிய ஏடிஆர் விமானங்கள். ஸ்ரீலங்கனிடம் இருப்பது எயார்பஸ் மட்டும். சென்னைத் தடத்தை 2019இல் இந்தியாவின் அலையன்ஸ் எயார் தொடங்கியது, 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. வடக்கில் இருந்து கட்டுநாயக்கவுக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற பயணிகளைத் தேசிய விமான சேவை இன்னும் ஒரு சந்தையாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

இப்போது ஸ்ரீலங்கனில் டிக்கெட் எடுக்கலாமா?

நான் எடுக்கிறேன். சில பழக்கங்களை மட்டும் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டுவதில்லை. கடன் அட்டையில் கட்டுவேன், பறப்பு இரத்தானால் பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கி ஊடாகவும் கேட்கலாம். கொழும்பில் மாறி வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் எடுப்பேன். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்தால் இடையில் மாட்டிக்கொள்வது நீங்கள். முகவரிடம் வாங்கினால் பதிவு இலக்கத்தை வாங்கி, நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பெயரையும் திகதியையும் பாருங்கள். கல்யாணம், செத்தவீடு என்று தவறவே முடியாத பயணமாக இருந்தால் ஒரு நாள் முந்திப் போய்ச் சேருங்கள்.